ஸ்டோரேஜ் ஹீட்டரோடு முதல் குளிர்காலம்

நவம்பர் நடுவில், கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் எங்கள் முதல் சொந்த வீட்டின் சாவி கைக்கு வந்தது. 1980களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி, ஒரு படுக்கையறை. எட்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீடுகளில் எல்லாம் கேஸ் பாய்லர்தான். பட்டனைத் தட்டினால் கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் சுடும். இந்த வீட்டில் கேஸ் இணைப்பே கிடையாது. ஹால், வாசல் நடை, படுக்கையறை மூன்றிலும் சுவரோரமாக இடத்துக்கொரு வெள்ளை இரும்புப் பெட்டி. இதுதான் ஸ்டோரேஜ் ஹீட்டர், ராத்திரி மின்சாரத்தில் சூட்டைச் சேர்த்து வைத்துப் பகலில் வெளியே விடுவது. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு திருகுகள். ஒன்றில் இன்புட், இன்னொன்றில் அவுட்புட் என்று எழுதியிருந்தது.

டிசம்பர் மாத பில் 185 பவுண்டு 95 பென்ஸ் வந்தது. அவ்வளவு கொடுத்தும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஹாலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். பையனுக்கு ஒன்றரை வயது, தரையில் தவழ்ந்து விளையாடுகிற பிள்ளை. அவன் கை ஜில்லென்று இருப்பதைத் தொட்டுப் பார்க்கும்போது பில்லைவிட அதுதான் மனதை வாட்டியது.

பிப்ரவரி பில் 131 பவுண்டு. வீடும் கதகதப்பாக இருந்தது. நடுவில் என்னென்ன செய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். இந்த மாதிரிப் பெட்டிகளோடு முதல் வீடு வாங்குகிற நம் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. பலர் ஒரு குளிர்காலம் பட்டுவிட்டு இதைக் கழற்றி எறிந்து, சுவரில் சாதாரண பேனல் ஹீட்டர் மாட்டிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் நல்லது.

பெட்டிக்குள் இருப்பது செங்கல். நாம் வீடு கட்டுகிற செங்கல் இல்லை, இரும்பு ஆக்சைடு கலந்த அடர்த்தியான கட்டி. அடுக்கிய கட்டிகளுக்கு நடுவே கம்பி எலிமென்ட்கள் ஓடுகின்றன. ராத்திரி ஏழு மணி நேரம் மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது எலிமென்ட் கட்டிகளைப் பல நூறு டிகிரிக்குச் சூடாக்கும். சுற்றிலும் கனமான உள்காப்பு இருப்பதால் அந்தச் சூடு மறுநாள் பூராவும் மெதுவாக வெளியே வரும். எகானமி 7 என்ற இந்த இரட்டைக் கட்டணம் பிரிட்டனில் 1978-ல் வந்தது. ராத்திரி ஊர் தூங்கும்போது மின்சாரத்துக்குத் தேவை குறைவு, ஆனால் அப்போது ஓடிய பெரிய நிலக்கரி நிலையங்களையும் அணு உலைகளையும் நினைத்தபடி அணைத்துப் போட முடியவில்லை. அந்த மின்சாரத்தை வீட்டுக்குள் சூடாகச் சேர்த்து வைக்கச் சொல்லி விலையைக் குறைத்தார்கள்.

எங்கள் கட்டணம் ராத்திரி யூனிட்டுக்கு 14 பென்ஸ், பகலில் 31 பென்ஸ், அது போக நாளைக்கு 55 பென்ஸ் நிரந்தரக் கட்டணம். இந்த இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. நாளைக்கு 15 யூனிட் சூடு வேண்டும் என்று வையுங்கள். ராத்திரி வாங்கினால் 2 பவுண்டு 10 பென்ஸ். அதே 15 யூனிட்டைப் பேனல் ஹீட்டரில் பகலில் வாங்கினால் 4 பவுண்டு 65 பென்ஸ். முப்பது நாளில் 63 பவுண்டுக்கும் 139 பவுண்டு 50 பென்ஸுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் டிசம்பர் பில்லைப் பிரித்துப் பார்த்தேன். ராத்திரி 520 யூனிட், பகலில் 310 யூனிட். காசாக மாற்றினால் ராத்திரிக்கு 72 பவுண்டு 80, பகலுக்கு 96 பவுண்டு 10. ஹீட்டர்கள் மூன்றும் ராத்திரிதான் மின்சாரம் எடுக்கின்றன. அப்படியிருக்கப் பகல் கணக்கு ராத்திரியைத் தாண்டியது எப்படி? யோசித்தால் இரண்டு காரணம். சாயங்காலம் குளிர் தாங்காமல் பிளக்கில் மாட்டிய 2 கிலோவாட் ஹீட்டர் ஒன்று. குளிப்பதற்குத் தண்ணீர் சுட வைக்க அழுத்துகிற பூஸ்ட் சுவிட்ச் இன்னொன்று. இரண்டுமே 31 பென்ஸ் நேரத்தில் ஓடின.

அப்புறம் மீட்டர். எங்கள் மலிவு நேரம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் மின் நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒவ்வொருவர் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். ஒரு ராத்திரி மீட்டர் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சரியாக 12.30-க்கு உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ஹீட்டருக்குப் போகிற தனி ஃப்யூஸ் பெட்டிக்கு உயிர் வந்தது. காலை 7.30-க்கு மறுபடி அதே சத்தம். இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். திரையில் 1, 2 என்று மாறி மாறி வருகிற இரண்டு எண்ணிக்கையில் எது ராத்திரி, எது பகல் என்பது மீட்டருக்கு மீட்டர் மாறும். எது நகர்கிறது என்று ராத்திரி ஒரு தடவை, பகலில் ஒரு தடவை பார்த்துவிட்டால் குழப்பம் தீரும். குடிவந்த அன்று நான் கொடுத்த அளவுகளை நிறுவனம் இடம் மாற்றிப் பதிந்திருந்தது. சாவி வாங்கிய நாளிலேயே மீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்ததால், அதை அனுப்பியதும் திருத்திக் கொடுத்தார்கள். புது வீட்டுக்குள் நுழைந்ததும் பால் காய்ச்சுவதற்கு முன்னால் மீட்டரைப் படம் எடுங்கள்.

ஹீட்டரை எப்படி ஓட்டுவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேல்வீட்டு அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வட்டாரத்தில் இருக்கிறார். அவர் முதலில் குடியிருந்த உயரமான கட்டடத்திலும் கேஸ் கிடையாதாம். 1968 மே 16 அன்று இங்கே பக்கத்தில் கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் கேஸ் வெடித்து ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் கேஸை எடுத்துவிட்டார்கள். அதனால் ஸ்டோரேஜ் ஹீட்டர் அக்காவுக்குப் பழகிய சாமான்.

ஹாலுக்குள் வந்தவர் முதல் வேலையாகத் திருகுகளைப் பார்த்தார். இன்புட் 6, அவுட்புட் 6. இரண்டையும் உச்சத்தில் வைத்தால் அதிகச் சூடு கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"தம்பி, படுக்கப் போகேக்கை அவுட்புட்டை மூடுறனீங்களோ?"

"இல்லைக்கா, அப்படியேதான் இருக்கும்."

"அப்ப ஒரு பக்கத்தாலை நிரப்பி மற்றப் பக்கத்தாலை ஊத்துறீங்கள். விடிய முதலே அரைவாசிச் சூடு போயிடும். நீங்கள் நித்திரை, சூடு ஆருக்கு?"

விஷயம் இதுதான். இன்புட் என்பது இன்று ராத்திரி எவ்வளவு சூட்டைச் சேர்ப்பது என்ற அளவு. அவுட்புட் என்பது பெட்டியின் மேல்பக்கக் காற்று வழியை மூடியிருக்கும் ஒரு தகட்டுக் கதவு. அதைத் திறந்தால் கட்டிகளின் நடுவே புகுந்த காற்று சுட்டு மேலே வரும். அவுட்புட் 1-ல் இருக்கும்போது மேலே கை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லை இறக்கி வெகுநேரம் ஆன பிறகு தொடுவது போல வெறும் வெதுவெதுப்பு. 6-க்குத் திருப்பி ஒரு நிமிஷம் கழித்து வைத்தால் காற்று உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவுட்புட்டைக் கூட்டினால் கூடுதலாக மின்சாரம் ஓடாது. ஏற்கெனவே வாங்கிய சூடுதான் சீக்கிரம் வெளியே வரும், சீக்கிரம் தீரும். இன்புட்டை இப்போது கூட்டினால் இப்போது சூடு வராது, நாளைக்குத்தான் வரும். இந்த இரண்டையும் கேஸ் ரேடியேட்டர் பழக்கத்தில் குழப்பிக்கொண்டதால்தான் ஒரு மாசம் வீணானது.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. படுக்கும்போது அவுட்புட் 1. காலையிலும் பகலிலும் அப்படியே விட்டுவிடுவோம். மூடியிருந்தாலும் பெட்டியின் உடம்பு வழியாகக் கசிகிற சூடே பகலுக்கு ஓரளவு போதும். சாயங்காலம் ஐந்தரைக்கு 4, ரொம்பக் குளிரானால் 6. இன்புட்டை மறுநாள் வானிலை பார்த்து வைப்போம். பகல் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் போகும் என்றால் 2, 5 முதல் 10 வரை என்றால் 4, அதற்கும் கீழே என்றால் 6. இந்த எண்கள் எங்கள் வீட்டுக்குச் சரிவந்தவை. மேல்மாடியோ மூலை வீடோ ஆனால் ஒரு வாரம் எழுதி வைத்துப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டியதுதான். சில பெட்டிகளில் அறையின் சூட்டைப் பார்த்து இன்புட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. எங்களுடையதில் இல்லை.

இவ்வளவு செய்தும் ஹால் ஏழு மணிக்குள் ஆறிப்போனது. அக்கா வீட்டிலும் அதே அளவுப் பெட்டிதான், அங்கே பத்து மணி வரைக்கும் சுட்டது. அப்படியென்றால் எங்கள் பெட்டியில் ஏதோ கோளாறு.

திறந்து பார்க்காமல் அதைக் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஹீட்டரின் பக்கவாட்டில் ஒட்டிய தகட்டில் 2.55 கிலோவாட் என்று இருந்தது. ஏழு மணி நேரம் முழுதாக ஓடினால் 17.85 யூனிட் சேரும். உள்ளே 850 வாட் எலிமென்ட்கள் மூன்று. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும், ஒரு யூனிட்டுக்கு 1000 தடவை என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. 2.55 கிலோவாட் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 2,550 தடவை மின்னும், அதாவது நிமிஷத்துக்கு 42 அல்லது 43. ராத்திரி 12.45-க்கு மற்ற இரண்டு ஹீட்டரின் சுவர் சுவிட்சுகளையும் அணைத்தேன். ஃப்ரிட்ஜ், வைஃபை, விளக்கு எல்லாவற்றையும் பத்து நிமிஷத்துக்கு நிறுத்தினேன். ஹால் ஹீட்டர் மட்டும் இன்புட் 6-ல். மனைவி போனில் நேரம் பார்க்க, நான் விளக்கை எண்ணினேன்.

28.

மறுபடி எண்ணினோம். 28, 29. நிமிஷத்துக்கு 28 என்றால் 1.7 கிலோவாட். மூன்று எலிமென்ட்டில் இரண்டுதான் வேலை செய்கிறது. நாங்கள் 6-ல் வைத்தாலும் பெட்டிக்குள் 12 யூனிட்டுக்கு மேல் ஏற வழியே இல்லை. இந்தச் சோதனையை மலிவு நேரம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். பின்னால் போகப்போக இன்புட் தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஓடும், எண்ணிக்கை தப்பாகும்.

எண்ணுவது நம் வேலை, திறப்பது நம் வேலை இல்லை. இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஹீட்டருக்கு வருகிற ஆஃப்-பீக் சர்க்யூட், அதாவது மலிவு நேரத்தில் மட்டும் ஓடுகிற தனி இணைப்பு, பகலில் செத்துக் கிடக்கும். டெஸ்டர் வைத்தால் கரண்ட் இல்லை என்றே காட்டும். சுவிட்சை அணைக்காமல் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் நள்ளிரவில் தானாக உயிர் வந்துவிடும். அது மட்டும் இல்லை. ஹீட்டரை அணைத்த பிறகும் கட்டிகள் ஒரு நாளுக்கு மேல் சுடும். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் முன்னாலேயே சுவர் சுவிட்சை அணைத்துவிடச் சொன்னார்.

வந்தவர் முதலில் தகட்டில் மாடல் எண்ணைப் பார்த்தார். 1970களின் நடுப்பகுதிக்கு முன்னால் செய்த சில ஸ்டோரேஜ் ஹீட்டர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அப்படியானால் திறக்கவே மாட்டேன் என்றார். எங்களுடையது அதற்குப் பிந்தியது. முன்தகட்டைக் கழற்றி, பொடியாக உதிர்கிற உள்காப்புப் பலகையை முகமூடி போட்டுக்கொண்டு மெதுவாக எடுத்து வைத்தார். கட்டிகளைத் தரையில் பழைய போர்வை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். புத்தக அளவுதான், ஆனால் அம்மிக்கல் போலக் கையைக் கீழே இழுத்தது. ஒரு பக்கம் எலிமென்ட் படுக்க வளைவான பள்ளம், காற்றுப் போக வழி.

மூன்று எலிமென்ட்டின் மின்தடையையும் தன் மல்டிமீட்டரில் அளந்தார். இரண்டு 68 ஓம் காட்டின. 240 வோல்ட்டில் 850 வாட்டுக்கு அதுதான் கணக்கு. மூன்றாவது எதுவுமே காட்டவில்லை. வெளியே எடுத்தால் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு இடம் வெடித்துக் கறுத்திருந்தது. மூன்றில் ஒன்று போன வயதில் மற்றவையும் அதிக நாள் தாங்காது, பெட்டியைத் திறந்த கையோடு மூன்றையும் மாற்றிவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. பாகமும் கூலியுமாக 165 பவுண்டு ஆனது. புதிதாக வருகிற, உள்காப்பு கனமான, மின்விசிறி வைத்த ஹீட்டர்கள் நல்லவைதான். சூட்டைச் சாயங்காலம் வரை பிடித்து வைப்பதில் பழையது அவற்றின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வீடு வாங்கிய கையில் மூன்றையும் மாற்றப் பணம் இல்லை.

அன்று ராத்திரி ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தோம், புது எலிமென்ட் முதல் தடவை சுடும்போது வாடை வரும் என்று சொல்லியிருந்தார். 12.45-க்கு மறுபடி மீட்டர் முன்னால். இந்தத் தடவை மனைவி எண்ணினாள். 42.

அடுத்தது தண்ணீர். அலமாரிக்குள் 120 லிட்டர் சிலிண்டர் ஒன்று இருந்தது. அதில் மேலே ஒரு எலிமென்ட், கீழே ஒரு எலிமென்ட். கீழே இருப்பது ராத்திரிக் கட்டணத்தில் முழுச் சிலிண்டரையும் சுட வைக்க, மேலே இருப்பது அவசரத்துக்கு, நாங்கள் அழுத்திய பூஸ்ட் சுவிட்ச் இதற்குத்தான். கீழே உள்ளதன் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் அணைந்து கிடந்தது, நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. 120 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். ராத்திரி 98 பென்ஸ், பகலில் 2 பவுண்டு 17. தெர்மோஸ்டாட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டாம், இளஞ்சூட்டில் லெஜியோனெல்லா கிருமி வளரும். சிலிண்டருக்கு 80 மில்லிமீட்டர் உறை ஒன்று வாங்கிச் சுற்றினேன். காலையில் சுட்ட தண்ணீர் ராத்திரி பையனைக் குளிப்பாட்டும் வரை தாங்குகிறது. பூஸ்ட் சுவிட்சைத் தொட்டு மாதக்கணக்காகிறது.

சின்னச் சின்ன வேலைகளும் உண்டு. ஜன்னல் சந்துகளில் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினோம். ஹீட்டர் மேல் விழுந்துகொண்டிருந்த திரையை வெட்டித் தைத்து உயர்த்தினோம். ஹீட்டர் மேல் துணி காயப்போடவே கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல், அளவு மீறிச் சுட்டால் ஹீட்டரை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்ச் (கட்-அவுட்) விழுந்துவிடும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. துவைக்கும் மெஷினை மலிவு நேரத்தில் ஓட்டுகிறோம், ஆனால் நடுராத்திரியில் இல்லை. எல்லோரும் தூங்கும்போது ஓட்டாதீர்கள் என்று லண்டன் தீயணைப்புத் துறையே சொல்கிறது. காலை ஆறுக்கு எழுந்து போட்டால் 7.30-க்குள் முடிந்துவிடும்.

நடையில் உள்ள ஹீட்டர் 2-ல் மட்டும் இருக்கிறது. படுக்கையறை ஹீட்டர் ரொம்பக் குளிரான வாரத்தில்தான். நடை ஹீட்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு அதில் இட்லி மாவுப் பாத்திரத்தை வைக்கிறோம், ஹீட்டர் மேல் இல்லை, பக்கத்தில். லண்டன் ஜனவரியில் மாவு பொங்குமா என்று கவலைப்பட்ட வீட்டில் இப்போது காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரிக் கணக்கு இப்படி வந்தது. ராத்திரி 560 யூனிட், பகல் 120 யூனிட். 78 பவுண்டு 40, 37 பவுண்டு 20, நிரந்தரக் கட்டணம் 15 பவுண்டு 40. ராத்திரி யூனிட் டிசம்பரைவிடக் கூடியிருக்கிறது, பில் 55 பவுண்டு குறைந்திருக்கிறது. ஒரே விலைக் கட்டணத்துக்கு மாறலாமா என்றும் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சொன்ன ஒற்றை விலை 25 பென்ஸ். அந்த விலைகளில், மொத்தத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ராத்திரி ஓடினால் இரட்டைக் கட்டணம்தான் லாபம். எங்களுக்கு 82 சதவீதம். பெட்டிகளைக் கழற்றிவிட்டு இரட்டைக் கட்டணத்தை மட்டும் அப்படியே வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பெரிய நஷ்டம். அவர்கள் பகல் சூட்டை 31 பென்ஸுக்கு வாங்குகிறார்கள்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போனது. எங்கள் மீட்டர் போகவில்லை. மலிவு நேரம் இப்போது 1.30 முதல் 8.30 வரை, துணி துவைக்க ஏழு மணிக்கு எழுந்தால் போதும். ஏப்ரல் இரண்டாம் வாரம் மூன்று ஹீட்டரையும் சுவரிலேயே அணைத்தோம். மீட்டர் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். இன்புட் எண்கள், மலிவு நேரம், அதன் கீழே நவம்பரில் ஹீட்டர் போடும் முதல் ராத்திரி மீட்டர் விளக்கு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்: ஹால் 42, இரண்டே எலிமென்ட் உள்ள நடை 28, அதே போல் படுக்கையறை 28.